பாணியைத் தேட வேண்டாம், திருத்தத்தைப் பாருங்கள்

கேள்வி: கணினியில் சாம்பிள் ஒலிகளை (நிஜ வாத்தியங்களின் பதிவுத் துணுக்குகளை) வைத்து ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிப் பழகுகிறேன். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள் எழுதியது போலிருக்கிறது. எனக்கென்று ஒரு பாணி வர என்ன செய்யலாம்?

பதில்: வேறு ஆள் எழுதியது போலிருப்பது பெரிய குறை இல்லை. ஃபின்லாந்தின் இசையமைப்பாளர் ழான் சிபேலியஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இல் வந்த அவருடைய இரண்டாம் சிம்பொனி முக்கால் மணி நேரம் ஓடும், பித்தளை வாத்தியங்களின் முழக்கத்தோடு முடியும். 1911-இல் வந்த நான்காவது இறுக்கமானது, இருண்டது. முடிவில் கைதட்டலாமா என்றே தயங்க வைக்கும். 1924-இல் வந்த ஏழாவதோ இருபது நிமிடச் சொச்சத்தில், ஒரே பகுதியாக முடிந்துவிடுகிறது.

வாத்தியப் பட்டியலைப் பார்த்தால் போக்கு புரியும். முதல் சிம்பொனியில் ட்யூபா (தாழ்ந்த ஒலியுள்ள பித்தளை வாத்தியம்), ஹார்ப், பேஸ் டிரம், சிம்பல் எல்லாம் உண்டு. மூன்றாவதிலிருந்து ட்யூபாவே கிடையாது. ஏழாவதில் தாள வாத்தியம் என்று டிம்பனி என்ற முரசு மட்டும்தான்.

ஆனால் நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டியது ஐந்தாவதை. 1915-இல், தன் ஐம்பதாவது பிறந்தநாளில் அதை அரங்கேற்றினார். திருப்தியில்லாமல் மறு ஆண்டே திருத்தினார், 1919-இல் மறுபடியும். நான்கு பகுதிகள் மூன்றாயின. இறுதியில் வரும் ஆறு கார்டுகளை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பவை) கவனியுங்கள். முதல் வடிவத்தில் அவற்றுக்கு இடையிலும் வயலின் வகையறா நடுங்கிக்கொண்டே இருக்கும். இன்று வாசிக்கப்படும் வடிவத்தில் அந்த இடைவெளிகளில் ஒன்றுமே இல்லை. எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்த முடிவு, இருந்ததை எடுத்ததால் வந்தது. 1915 வடிவத்தை ஓஸ்மோ வான்ஸ்கா லாத்தி இசைக்குழுவோடு பதிவு செய்திருக்கிறார்; இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.

இத்தனை மாறியும் மாறாத ஒன்று உண்டு. பியானோவில் பெடலை மிதித்தால் ஒலி நீண்டு ஒலித்துக்கொண்டே இருக்கும், ஆர்கெஸ்ட்ராவில் அந்த வசதி இல்லை. சிபேலியஸ் அதை எழுதியே உண்டாக்குவார்: மேலே மரக்குழல்கள் ஓட, ஹார்ன்களோ செலோக்களோ ஒரு சுரத்தை விடாமல் பிடித்திருக்கும். உங்கள் சாம்பிள்களில் ரிவர்ப், அதாவது அரங்கில் கேட்பது போன்ற எதிரொலி விளைவு, இந்த வேலையைக் கள்ளத்தனமாகச் செய்துவிடுகிறது. (எல்லா டெமோவும் ஒரே மாதிரி பிரம்மாண்டமாகக் கேட்பதற்கு என் பார்வையில் முக்கியக் காரணம் இதுதான்.)

எனவே, உங்கள் பழைய துண்டு ஒன்றை எடுத்து ரிவர்பை முழுக்க அணையுங்கள். எங்கெல்லாம் ஓட்டை தெரிகிறதோ அங்கே யார் சுரத்தைப் பிடிப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். ஓட்டையாகவே விட்டாலும் சரி, அதுவும் உங்கள் முடிவுதான். பழைய ஃபைலின் மேல் சேவ் செய்யாமல் புது வடிவத்தைத் தனியாக வையுங்கள். அப்புறம் இன்னும் சில துண்டுகளையும் இப்படியே திருத்தி, ஒவ்வொன்றின் இரு வடிவங்களையும் ஒப்பிடுங்கள். எதைத் திரும்பத் திரும்ப வெட்டுகிறீர்கள், எதை ஒருமுறைகூடத் தொடவில்லை என்று குறித்துக்கொண்டு, அடுத்ததை அந்தக் குறிப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

படித்துப் பார்க்க ஸ்கோருக்கு (எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பும் உள்ள பிரதிக்கு) காசு செலவழிக்க வேண்டாம். சிபேலியஸ் 1957-இல் இறந்தார். இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு தாண்டிவிட்டதால் இங்கே அவர் படைப்புகளுக்குக் காப்புரிமை இல்லை. ஏழாவதிலிருந்து தொடங்குங்கள், பக்கங்களும் குறைவு.