இடுப்புக்குப் பார்த்தால் தொடை பிடிக்கிறது!

கேள்வி: தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறேன். எந்த ஜீன்ஸ் எடுத்தாலும் தொடை இறுக்குகிறது. ஒரு சைஸ் கூட்டி எடுத்தால், உட்காரும்போது பின் இடுப்பில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி. ஆயிரம் ரூபாய்க்குள் சரியானது கிடைக்குமா? (வாசகி, மதுரை)

பதில்: கிடைக்கும். ஆனால் இடுப்பை வைத்துத் தேடாதீர்கள். தொடைக்கும் பின்பக்கத்துக்கும் வசதியாக இருப்பதை எடுத்து, இடுப்பை டெய்லரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடையைப் பெரிதாக்க, உள்ளே விட்டிருக்கும் தையல் துணி போதவே போதாது. இடுப்பு அப்படியில்லை. பின்பக்க நடுத்தையலைப் பிரித்து ஓர் அங்குலம் தாராளமாகக் குறைக்கலாம். அதிகம் பிடித்தால் பின்பாக்கெட் இரண்டும் நெருங்கி வந்து பார்க்க நன்றாக இருக்காது. டெய்லர் கூலியையும் முன்பே கணக்கில் வைத்து, எண்ணூறு ரூபாய்க்குள் ஜீன்ஸை முடியுங்கள்.

லேபிளில் உள்ள 30, 32 எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்களுக்கு வசதியான பழைய பேன்ட் ஒன்றைத் தரையில் விரித்து, இடுப்பு, தொடை, கவட்டிலிருந்து இடுப்புப் பட்டி வரை, உள்கால் நீளம் என்று டேப்பால் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகும்போது டேப்பும் பையில் இருக்கட்டும்.

ஸ்கூட்டர் ஓட்டுவதால், இடுப்புக்குக் கீழே நிற்கும் லோ வெயிஸ்ட் வேண்டவே வேண்டாம். துணியில் பருத்தி 98 சதவீதம், எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் 2 சதவீதம் இருந்தால் கால் மடக்க நன்றாக இருக்கும். பாலியெஸ்டர் அதிகமானால் மதுரை வெயிலுக்கு வியர்த்து ஒட்டும்.

ட்ரையல் ரூமில் கண்ணாடி முன் நின்று பார்ப்பது போதாது. குத்துக்காலிட்டு உட்காருங்கள். நிற்கும்போதே தொடையில் குறுக்கே வரிவரியாகச் சுருக்கம் விழுந்தால் அது இறுக்கம்தான். ‘போடப் போட இளகிடும்’ என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நானும் எடுத்தேன். நான்கே மாதத்தில் தொடை உரசும் இடத்தில் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது.

கர்நாடகத்தின் பல்லாரியில் தைத்து வரும், பெயர் தெரியாத ஜீன்ஸ்களையும் ஒதுக்காதீர்கள். உள்ளே புரட்டி, கவட்டுத் தையல் நெருக்கமாக இருக்கிறதா, நூல் தொங்குகிறதா என்று பாருங்கள். ஜிப்பை ஏழெட்டு முறை ஏற்றி இறக்குங்கள். அப்புறம், கால் நீளத்தைக் குறைக்கும் முன் ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். முதல் துவைப்பில் பருத்தி சுருங்கும்.

கேள்வி: வாங்கிய ஜீன்ஸில் ஒரே வாரத்தில் ஜிப் பிய்ந்துவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே இருக்கிறதே என்கிறார் கடைக்காரர். (வாசகர், திருச்சி)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லையும் ஜீன்ஸையும் எடுத்துக்கொண்டு போய் இதைச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். சைஸ் சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இது உதவாது. அதற்கு மாற்றித் தருவார்களா என்று பில் போடும் முன்பே கேட்டு, பில்லின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.