கருப்பை வாய்ப் பரிசோதனை: எந்தக் கருவி எதற்கு?

கேள்வி: எங்கள் நிலையத்தில் ஏயர் மரக் குச்சி மட்டுமே உண்டு. பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களை எடுத்துப் புற்றுநோய்க்கான மாற்றங்களைப் பார்க்கும் சோதனை) எடுக்க அது போதுமா? – கிராமச் செவிலியர்

பதில்: கருப்பை வாயின் வெளிப்பரப்பைச் சுரண்ட அது நல்ல கருவிதான். ஆனால் வெளிப்புறத்துத் தட்டைச் செல்களும் உட்குழாயின் தூண் செல்களும் சந்திக்கும் எல்லையில்தான் பெரும்பாலும் கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடங்குகிறது. இளம் பெண்களுக்கு அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும். மாதவிடாய் நின்றவர்களுக்கு அது உள்ளே ஏறிவிடும். ஏயரின் குட்டை நுனி அங்கே எட்டாது. நுனி நீண்ட குச்சி அதைவிட மேலானது என்பதை ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கூடவே சைட்டோபிரஷ்ஷும் (உட்குழாய்க்குள் விட்டுச் செல்களை எடுக்கும் சிறு பிரஷ்) இருந்தால் உட்குழாயின் செல்கள் நன்றாகக் கிடைக்கும். உங்கள் அதிகாரியிடம் இரண்டையும் வற்புறுத்திக் கேளுங்கள். இதில் கூச்சமே வேண்டாம்.

குச்சியை முதலில் பயன்படுத்துங்கள், பிரஷ் பிறகு. பிரஷ் பட்டால் ரத்தம் கசியும். அதன்பின் எடுக்கும் செல்களை ரத்தம் மறைத்துவிடும். பிரஷ்ஷைக் கால் முதல் அரைச் சுற்று வரை திருப்பினால் போதும். கண்ணாடித் தகட்டில் தடவியவுடன், காயவிடாமல், 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். எவ்வளவு கவனமாக எடுத்த மாதிரியும் இந்தச் சில நொடித் தாமதத்தில் வீணாகிவிடும்.

கேள்வி: துடைப்பம் போன்ற பிரஷ் ஒன்றே போதாதா? – பயிற்சி மருத்துவர்

பதில்: பெரும்பாலோருக்குப் போதும். நடுவிலுள்ள நீண்ட இழைகள் உள்ளே நுழைய, ஓரத்துக் குட்டை இழைகள் வெளிப்பரப்பைத் தொடும். வலஞ்சுழியாக ஐந்து சுற்று.

கேள்வி: கர்ப்பிணிக்கு? – அதே மருத்துவர்

பதில்: உட்குழாய்க்குள் செல்லும் சைட்டோபிரஷ்ஷைத் தவிருங்கள்.

கேள்வி: பரிசோதனை மேசையில் படுக்கவே கூச்சமாக இருக்கிறது. நானே மாதிரி எடுக்க முடியுமா? – 41 வயது வாசகி

பதில்: முடியும், அம்மா. பஞ்சுக் குச்சி போன்ற ஒன்றை யோனிக்குள் விட்டுச் சுழற்றி எடுத்து, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான மரபணுச் சோதனைக்குக் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் முதன்மையாகப் பரிந்துரைத்தது இந்தச் சோதனையைத்தான்: 30 வயது முதல், 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒரு முறை. ஆனால் நீங்களே எடுத்த மாதிரியைக் கொண்டு செல் மாற்றங்களைப் பார்க்க இயலாது. கிருமி இருப்பதாக முடிவு வந்தால் மருத்துவரிடம் நேரில் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: 'மாதிரி போதவில்லை' என்று அறிக்கை வந்திருக்கிறது. புற்றுநோயா? – ஒரு வாசகி

பதில்: இல்லை. படிக்கத் தக்க செல்கள் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். நலமாக இருக்கிறீர்கள் என்றும் அது சொல்லவில்லை. இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் மறுபடி எடுங்கள். மாதவிடாய் நின்றுவிட்டதென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருவியை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்கள்.