பிள்ளை முன்னால் பேசாதே

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் தமிழாசிரியையாக இருக்கிறேன். ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' படித்தேன். தூக்கத்தில் ஆட்சிக்கு எதிராக உளறிய தந்தையை ஏழு வயது மகள் காட்டிக்கொடுக்கிறாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, பாசம் அப்படி அற்றுப்போகுமா? ஆசிரியர் மிகைப்படுத்துகிறாரோ?

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பகுதியை இன்னொரு முறை படியுங்கள். சாவித்துவாரத்தில் ஒட்டுக்கேட்டு மறுநாளே போய்ச் சொன்ன மகளை எண்ணிச் சிறையிலும் பூரிக்கிறான் அந்தத் தந்தை பார்சன்ஸ். சரியாக வளர்த்திருக்கிறேன் என்கிறான். சதை ஆடத்தான் செய்கிறது, ஆளும் கட்சி போடும் தாளத்துக்கு. ஆனால் என்னை உலுக்கியவள் அவன் மனைவி. நாவலின் தொடக்கத்திலேயே அவள் தன் பிள்ளைகளைக் கண்டு மிரள்கிறாள். கைதுக்கு வெகுமுன்பே அந்த வீட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், எனக்கு எட்டு வயது. வீடு வேலந்தாவளத்தில். இரவில் அப்பாவும் சித்தப்பாவும் திண்ணையில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். "பிள்ளை முன்னால் பேசாதே, பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடுவான்" என்று சித்தப்பா சொன்னது என் காதில் விழுந்தது. நான் அழுதேன். யாரிடமும் எதையும் சொல்லாத பிள்ளை நான். கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கொண்டுபோனது அந்த ஆண்டு மார்ச்சில்தான். மகனைத் தேடி அலைந்த ஈச்சர வாரியர், அவன் இனி வரமாட்டான் என்பதை மனைவியிடம் சொல்ல முடியாமல் தவித்தார். நெருக்கடி நிலையைச் சோவியத் ரஷ்யாவின் ஸ்டாலின் ஆட்சியோடு சமப்படுத்த மாட்டேன். இங்கே தேர்தல் வந்தது, 1977இல் ராஜன் வழக்கை உயர் நீதிமன்றம் விசாரித்தது. இருந்தும் அந்தக் கிசுகிசுப்பு எங்கள் திண்ணைவரை வந்துவிட்டிருந்தது.

ஆகவே, காட்டிக்கொடுக்கும் பிள்ளையை அரக்கனாக்கும் கதைகளை நான் ஏற்பதில்லை. வீட்டுக்குள் குரல் தாழ்ந்த அந்த முதல் நாளை எழுதுபவரே எனக்கு நாவலாசிரியர்.

விசுவாசத்துக்கும் இதே கதிதான். ஸ்டாலின் ஆட்சியில் 1938இல் சுட்டுக்கொல்லப்பட்ட சோவியத் தலைவர் புகாரின், கைதாகும் முன் எதிர்காலத் தலைமுறைக்கு ஒரு கடிதம் எழுதி மனைவி அன்னா லாரினாவை மனப்பாடம் செய்யச் சொன்னார். தாளில் வைத்துக்கொள்வது ஆபத்து. சிறை முகாம்களில் அதைத் தனக்குள் சொல்லிச் சொல்லியே அன்னா காப்பாற்றினார். அவரிடமிருந்து பிரிக்கப்பட்ட கைக்குழந்தையோ தன் தந்தை யாரென்றே தெரியாமல் வளர்ந்தான். இருபது வயதில்தான் தாயிடமிருந்து அறிந்துகொண்டான். ஒவ்வொரு சொல்லையும் நினைவில் வைத்திருந்த அந்தத் தாய் மகனிடம் எந்தச் சொல்லில் தொடங்கியிருப்பார்? அதை யாராவது ஒரு நாவலில் எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் காத்திருக்கிறேன்.