பெருவாரி நோய் என்று சொல்லலாமா?

கேள்வி: சென்ற ஞாயிறு எங்கள் வீட்டில் ஏழு கறிச் சாப்பாடு முடிந்து இலை எடுப்பதற்குள் ஒரு வாக்குவாதம் எழுந்துவிட்டது. மருத்துவம் படிக்கும் என் தங்கை மகன், மொரிசியஸில் சர்க்கரை நோய் ஒரு பெருவாரி நோயாகிவிட்டது என்றார். என் மைத்துனர் அதை ஏற்கவில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாத நோயை அப்படி அழைப்பது வீண் பயமுறுத்தல் என்றும், இப்போது எல்லாரும் விரலைக் குத்திப் பார்ப்பதால்தான் எண்ணிக்கை கூடித் தெரிகிறது என்றும் வாதாடினார். இருவரில் யார் சொல்வது சரி? (ரோஸ்ஹில் வாசகர்)

பதில்: உங்கள் மைத்துனரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. 1867இல் மலேரியா இத்தீவில் பல்லாயிரம் உயிர்களை வாரிக்கொண்டு போனபோது, வசதியுள்ளவர்கள் போர்ட் லூயிஸை விட்டு கியூர்பிப் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் குடியேறினார்கள். கொள்ளைநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது அந்த மாதிரிக் காட்சிதான். காலையில் தேநீரில் மூன்று கரண்டிச் சர்க்கரை போட்டுக்கொண்டு பேருந்துக்கு ஓடும் மனிதரை அந்தக் காட்சிக்குள் வைத்துப் பார்க்க மனம் ஒப்பாது.

ஆயினும் நோய்ப்பரவலியலார் தரும் இலக்கணத்தில் ஒட்டுதல் என்ற நிபந்தனையே கிடையாது. ஓரிடத்தில் ஒரு காலத்தில் வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைத் தெளிவாக மீறி ஒரு நோய் காணப்பட்டால் போதும், அது பெருவாரி நோய். சிகரெட்டால் பெருகிய நுரையீரல் புற்றுநோயையும் அவ்வாறே குறிப்பிட்டார்கள். கொரோனாவுக்குப் பிறகு 'பெருந்தொற்று' என்ற சொல் நம் நாவில் ஊறிப்போனதால், பரவலாகக் காணும் எதுவும் தொற்றியே வந்திருக்க வேண்டும் என்று எண்ணப் பழகிவிட்டோம். 'பெருவாரி' என்ற சொல்லுக்குள் தொற்று இல்லை. தங்கை மகன் சொல்லை நன்றாகவே தேர்ந்திருக்கிறார்.

அடுத்து, பரிசோதனை கூடியதால் எண்ணிக்கை கூடியது என்ற வாதம். பல நாடுகளில் இது கவனிக்கத்தக்க வாதம்தான். மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் நம்பினால், வருபவர் கூடக் கூட நோயும் கூடும். ஆனால் இங்கே 1987 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வுகள் அப்படிப்பட்டவை அல்ல. மக்களிலிருந்து ஒரு பகுதியினரைத் தேர்ந்தெடுத்து, நோய் இருப்பதாக அறிந்தவர், அறியாதவர் என்று பாராமல் வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கிறார்கள். ஏற்கெனவே நோயாளி என்று தெரியாதவர்களுக்குக் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுக்கிறார்கள். தனக்கு நோய் உண்டென்று அறியாதவரும் கணக்கில் வந்துவிடுவதால், ஊசி குத்துவது பெருகியதால் எண்ணிக்கை பெருகியது என்று சொல்ல இடமில்லை. மக்கள்தொகைக்கு வயதாகிவிட்டதால்தான் என்பதும் முழு விளக்கமாகாது. வயது வேறுபாட்டைச் சரிசெய்து பார்த்த பின்னரும், 1987க்கும் 2009க்கும் இடையில் நோயின் அளவு 60 சதவீதத்துக்கு மேல் உயர்ந்து, ஐந்து பேரில் ஒருவர் என்ற நிலைக்கு வந்திருந்தது.

'அது நம் இந்திய இரத்தத்தின் கோளாறு' என்று சொல்லித் தப்பிப்போரும் உண்டு. இந்திய வம்சாவளியினருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது மெய்யே. ஆனால் 1987இலேயே இத்தீவின் கிரியோல் மக்களிடமும் (பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர்) சீன வம்சாவளியினரிடமும் நோய் அதே போல் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது. மேலும், இரத்தவழிப் பண்பு இருபது ஆண்டுகளில் மாறாது. அந்த ஆண்டுகளில் மாறியவை சாப்பாடும் உழைப்பும்தான். ஆகவே அந்தக் காலப் பகுதிக்கு உங்கள் தங்கை மகன் பயன்படுத்திய சொல் முற்றிலும் பொருந்தும் என்பதே என் முடிவு.

கேள்வி: அதே தங்கை மகன், 2009க்குப் பிறகு எண்ணிக்கை ஏறவில்லை என்றும் சொல்கிறாரே. அப்படியானால் பெருவாரி முடிந்துவிட்டதா?

பதில்: 2015, 2021 ஆய்வுகளிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். இலக்கணப்படி பார்த்தால், ஐந்தில் ஒருவர் என்பதே 'எதிர்பார்க்கும் அளவு' ஆகிவிட்ட பின் அதைப் பெருவாரி என்று அழைக்க முடியாது. இந்தச் சொல்லின் குறையே அதுதான்: அது ஏற்றத்தை அளக்கிறது, சுமையை அளப்பதில்லை.

மார் ஓ வாக்வா நீர்த்தேக்கத்தின் மட்டம் எத்தனை சதவீதம் என்று செய்தியில் கேட்கிறோம் அல்லவா? மட்டம் மாறவில்லை என்பதால் மழை பெய்யவில்லை என்று பொருளாகாது. வந்த அளவு நீர் வெளியேறியும் இருக்கலாம். சர்க்கரை நோயில் புதிதாக நோயாளியாவோர் வரத்து. குணமாகி வெளியேறுவோர் மிகச் சிலரே என்பதால், வெளியேறும் மதகு பெரும்பாலும் மரணம். நல்ல சிகிச்சையால் நோயாளிகள் நீண்ட காலம் வாழ்ந்தால் மட்டம் உயரும். அந்த உயர்வு வருந்தத்தக்கதன்று. எனவே மொத்த எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் கவலையோ ஆறுதலோ கொள்ள வேண்டாம். இந்த ஆண்டு புதிதாக எத்தனை பேர், எந்த வயதில், என்று கேளுங்கள்.

கேள்வி: வாக்குவாதம் முடிந்ததும் வீட்டுக் கருவியில் சோதித்துப் பார்த்ததில், மைத்துனருக்குக் காலை வெறும் வயிற்றில் 6.4 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) வந்தது. அவரும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டாரா?

பதில்: இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் 7.0 அல்லது அதற்கு மேல் சர்க்கரை நோய், 6.1 முதல் 6.9 வரை இடைநிலை. மேலும், விரல் நுனிச் சொட்டை வைத்து யாரையும் நோயாளி என்று முடிவு கட்டக் கூடாது. ஆய்வகத்தில் இரத்த நாளத்திலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டாம் மணி நேர அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது 11.1ஐத் தொட்டால் மருத்துவரிடம் மருந்து பற்றிப் பேச வேண்டும். 7.8க்குக் கீழ் இருந்தால், அடுத்த ஞாயிறும் இலையில் உட்காரலாம். பாயசத்தை மட்டும் தங்கை மகன் பக்கம் தள்ளிவிடச் சொல்லுங்கள்.