மாமாவின் இசைத்தட்டில் இல்லாத கூச்சல்

அன்புள்ள சார்,

வணக்கம். அறுபதுகளின் மேற்கத்திய பாப் இசை மீது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பித்து. என்னைப் போன்ற ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை கூடுவோம். ஒருவர் பாட்டைப் போடுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு செய்தியை எடுத்துவிடுவார்கள். டிரம்ஸ் யார், எந்த ஆண்டு, எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும்.

போன தடவை பிரிட்டனின் பீட்டில்ஸ் குழு பாடிய 'ஹெல்டர் ஸ்கெல்டர்' ஓடியது. பாட்டின் ஒலி மெல்லத் தேய்ந்து, மறுபடி எழும்பி, கடைசியில் விரலெல்லாம் கொப்புளம் என்று டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் கத்துவதோடு முடியும் அல்லவா? பத்து வயதில் மாமாவின் இசைத்தட்டில் நான் கேட்ட பாட்டில் அந்தக் கூச்சல் கிடையாது, தேய்ந்து அப்படியே அடங்கிவிடும் என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "வயசாச்சு" என்றார் ஒருவர். வீட்டுக்கு வந்து மகளிடம் புலம்பினால், "நீங்கள் பாட்டு கேட்கிறீர்களா, பரீட்சைக்குப் படிக்கிறீர்களா அப்பா?" என்கிறாள். இரண்டுமே உறுத்துகிறது. என் நினைவு பொய்யா? இப்படித் துணுக்குச் சேர்ப்பது வீண் வேலையா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் நினைவு சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சிரித்தவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மோனோவா, ஸ்டீரியோவா? எல்லா ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் மோனோ; இடம், வலம் என்று பிரிந்து வந்தால் ஸ்டீரியோ.

'ஹெல்டர் ஸ்கெல்டர்' இடம்பெற்ற, 'வெள்ளை ஆல்பம்' என்று நாம் சொல்லும் அந்த இரட்டைத் தட்டு 1968 நவம்பரில் வந்தது. பிரிட்டனில் அது இரண்டு விதமாக வெளியானது. ஸ்டீரியோவில் அந்தப் பாட்டு சுமார் நாலரை நிமிடம். தேய்ந்து திரும்பி வருவதும், ரிங்கோவின் கூச்சலும் அதில்தான். மோனோவில் மூன்றரை நிமிடத்தைச் சற்றே தாண்டியதும் முதல் தேய்மானத்திலேயே கதை முடிந்துவிடும். அமெரிக்காவில் அந்த மோனோ தட்டு அப்போது வெளியாகவே இல்லை. அப்புறம் உலகம் முழுக்க ஸ்டீரியோதான் நிலைத்தது. மோனோ வடிவம் குறுந்தகடாகக் கிடைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் உங்களைப் போல எத்தனை பேர் "வயசாச்சு" என்று கேலி வாங்கியிருப்பார்களோ!

இது ஒரு பாட்டோடு நிற்கிற சங்கதி இல்லை. பீட்டில்ஸின் 1967 பாட்டு 'ஷீஸ் லீவிங் ஹோம்' இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், ஸ்டீரியோவில் அதன் சுருதி மூன்று கட்டை, மோனோவில் நாலு கட்டை. பாடியது ஒரே தடவைதான். ஒலிநாடாவை ஓட்டிய வேகம்தான் வேறு. மோனோவில் வீட்டைவிட்டுப் போகும் அந்தப் பெண் கொஞ்சம் அவசரமாகவே போகிறாள். 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' பாட்டின் ஸ்டீரியோ வடிவத்தில் ஜான் லெனான் வரியைத் தவறவிட்டு, அடுத்த வரியில் சிரிப்பை அடக்குவது கேட்கும்; மோனோவில் அது இல்லை. அந்தச் சிரிப்போடு வளர்ந்தவருக்கு மோனோவைப் போட்டுக் காட்டினால், பாட்டில் ஏதோ திருடுபோய்விட்டது என்றுதான் நினைப்பார்.

அன்றைக்கு மோனோதான் மூத்த பிள்ளை. வானொலி மோனோ, வீட்டுப் பெட்டி மோனோ, காரில் இருந்த ஒற்றை ஒலிபெருக்கியும் மோனோ. 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பத்தின் மோனோ கலவைக்கு, அதாவது பதிவான குரல்களையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கும் வேலைக்கு, பீட்டில்ஸ் கூடவே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஸ்டீரியோவை அவர்கள் இல்லாமல் ஒலிப்பதிவுக்காரர்கள் பின்னால் விரைவாக முடித்தார்கள். அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழுவைச் சேர்ந்த பிரையன் வில்சனுக்கோ வலது காது ஏறக்குறைய கேட்காமலே இருந்தது. 1966இல் அவர் உருவாக்கிய 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் மோனோதான். அதற்கு முறையான ஸ்டீரியோ கலவை வெளியானது 1997இல். இடமும் வலமும் பிரித்து ஒரு தடவைகூடக் கேட்க முடியாதவர் அத்தனை குரல்களை அடுக்கியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பாருங்கள். நான் இப்போதும் அதை மோனோவில்தான் கேட்கிறேன். பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, 'அந்தப் பாட்டு' என்று ஒன்று இல்லை. இன்னார் வீட்டுத் தட்டு, இன்ன கேசட், இன்ன நாளில் வானொலியில் வந்தது என்று பல உண்டு. உங்கள் நினைவில் இருப்பது மாமாவின் தட்டு. நண்பர்களுடையது வேறு தட்டு. ஒரே பெயரை வைத்துக்கொண்டு இரண்டு பொருளைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

சரி, உங்கள் பக்கம் பேசியாகிவிட்டது. இப்போது என் மானம் போன கதை.

கிங்க்ஸ் குழுவின் 'லோலா' 1970இல் வந்தது. அதை எழுதிப் பாடிய ரே டேவிஸ் ஒரு வரியில் முதலில் எழுதியது கோகோ கோலா என்று. வணிகப் பெயரை ஒலிபரப்பக்கூடாது என்பது பிபிசியின் விதி. அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த மனிதர் அதற்காக லண்டனுக்குப் பறந்துவந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் 'செர்ரி கோலா' என்று மாற்றிப் பாடிவிட்டுப் போனார். தனிப் பாட்டாக வந்த சிங்கிள் தட்டில் செர்ரி, ஆல்பத்தில் கோகோ. எனக்கோ அந்தப் பாட்டை முதன்முதலில் பிபிசியில் கேட்ட ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே தெளிவாக 'கோகோ கோலா' என்று கேட்டது. பல வருடம் இதை நண்பர்களிடம் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறேன். எந்தச் சொல்லை ஒலிபரப்ப முடியாது என்று பாட்டையே திருத்த வைத்தார்களோ, அதே சொல்லை அதே நிலையத்தில் கேட்டேனாம்! பிற்பாடு ஆல்பத்தை வாங்கிக் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லை எடுத்துப் போய்ப் பழைய ராத்திரியில் நானே ஒட்டியிருக்கிறேன். ராத்திரி நிஜம், இரைச்சல் நிஜம், சொல் மட்டும் இரவல்.

நாம் எதைக் கேட்கத் தயாராக இருக்கிறோமோ அதையே காது கேட்டுத் தொலைக்கிறது. 1969இல் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி செத்துப்போய்விட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியதே, அப்போது 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டின் கடைசியில் லெனான் "பாலைப் புதைத்துவிட்டேன்" என்று முணுமுணுப்பதாக எத்தனை பேர் கேட்டார்கள்! அவர் சொன்னது 'கிரான்பெரி சாஸ்'. 1996இல் வெளியான பழைய ஒலிப்பதிவில் அது தெளிவாகவே இருக்கிறது. கிங்ஸ்மென் குழுவின் 'லூயி லூயி' கதை இன்னும் வேடிக்கை. 1963இல் வந்த அந்தப் பாட்டில் ஆபாச வரிகள் இருப்பதாகப் புகார் போய், அமெரிக்காவின் எஃப்பிஐயே தட்டை வெவ்வேறு வேகத்தில் ஓட்டிக் கேட்டது. கடைசியில் எதுவுமே புரியவில்லை என்று எழுதிவைத்து மூடிவிட்டார்கள்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். பரீட்சைக்குப் படிக்கிறவர்களும் நம் கூட்டத்தில் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எந்த வாரம் எத்தனையாவது இடம் என்று பட்டியல் ஒப்பிப்பவர் பேசும்போது எனக்குக் கொட்டாவி வரும். ஆனால் பாட்டைக் கேட்கும் விதத்தையே மாற்றிவிடும் துணுக்கு வேறு சாதி. ரைட்டியஸ் பிரதர்ஸின் 'யூவ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலின்' 1964இல் வந்தபோது, தட்டின் லேபிளில் அதன் நீளம் 3:05 என்று அச்சாகியிருந்தது. உண்மையில் பாட்டு மூன்றே முக்கால் நிமிடம். மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் வானொலிக்காரர்கள் போட யோசிப்பார்கள் என்று தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் துணிந்து பொய்யை அச்சடித்தார். இது தெரிந்த பிறகு, நடுவே குரல் அடங்கிப் பாட்டு நிதானிக்கும் இடத்தைக் கேளுங்கள். 3:05 என்று நம்பிப் போட்டவர் கடிகாரத்தைப் பார்க்கும் நேரம் அது.

அப்புறம் பெயர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் இருந்த மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு வாசித்தது ஃபங்க் பிரதர்ஸ் என்ற ஒரே கூட்டம். உலகமே ஆடிய அந்தப் பாட்டுகளின் உறையில் அவர்கள் பெயர் இருக்காது. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் முதன்முதலாக அச்சானது. பேஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் சுட்டுவிரல் ஒன்றால் மட்டுமே தந்தியை மீட்டியவர். லாஸ் ஏஞ்சலஸில் கேரல் கே, ஹால் பிளெய்ன் என்று இன்னொரு கூட்டம். பேர்ட்ஸ் குழுவின் முதல் பெரிய வெற்றியில் குழுவிலிருந்து வாத்தியம் வாசித்தது ரோஜர் மெக்குவின் ஒருவர்தான். டிரம்ஸில் உட்கார்ந்தது ஹால் பிளெய்ன். உறையில் இல்லாத பெயரை யாரோ ஒருவர் கேட்டு, விசாரித்து, நாலு பேரிடம் சொல்லிச் சொல்லித்தான் நம் வரை கொண்டுவந்தார்கள். அப்படிச் சொன்னவர்களையும் அவர்கள் வீட்டில் 'பரீட்சையா?' என்று கேட்டிருப்பார்கள்.

மகளுக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டாம். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' இரண்டு வடிவத்தையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

மாமாவின் தட்டு இப்போதும் யாரிடமாவது இருக்கிறதா? பிரிட்டிஷ் பதிப்பு என்றால் எண்ணைப் பாருங்கள். பிஎம்சி 7067 என்று இருந்தால் மோனோ. அடுத்த கூட்டத்துக்குக் கையோடு கொண்டுபோய் நடுவில் வையுங்கள். பிசிஎஸ் என்று இருந்தால் ஸ்டீரியோ. அப்படி இருந்தால் எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள், நான் யாரிடமும் சொல்லமாட்டேன். லோலா விஷயத்தில் நீங்களும் அதே மாதிரி நடந்துகொள்ளுங்கள்.