ஞாபக சக்தி போதாததால்தான் பிள்ளை தோற்கிறானா?

கேள்வி: நாங்கள் கொக்குவிலில் இருக்கிறோம். மகன் தரம் 8, பாடசாலை செஸ் அணியில் ஆடுகிறான். யூடியூப் பார்த்து ஆரம்ப நகர்வுகளைப் பதினைந்து வரைக்கும் பாடமாக்கி வைத்திருக்கிறான். இரவில் போனில் மூன்று நிமிட ஆட்டங்களும் ஆடுகிறான். ஆனால் போட்டியில் எதிராளி பாடத்தில் இல்லாத ஒரு நகர்வை வைத்தால் தடுமாறித் தோற்றுவிடுகிறான். ஞாபக சக்தி போதாது என்கிறார்கள். அவனுடைய அணியில் ஒரு பையன் பலகையைப் பார்க்காமலே ஆடுவான். மூளைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா? செஸ்ஸால் கணிதப் புள்ளி கூடுமா?

பதில்: அம்மா, வகுப்புக் காசை மிச்சம் பிடியுங்கள். பதினைந்து நகர்வை வரிசை பிசகாமல் சொல்லும் பிள்ளைக்கு ஞாபக சக்தியில் என்ன குறை? தம்பி பாடமாக்கியிருப்பது நகர்வுகளின் வரிசையை. போட்டியில் கைகொடுப்பது நிலைகளை, அதாவது பலகையில் காய்கள் நிற்கும் அமைப்புகளைப் பற்றிய அறிவு. அது பாடமாக்கி வருவதில்லை.

இதை ஒழுங்காக ஆராய்ந்த முன்னோடி நெதர்லாந்து உளவியலாளர் அட்ரியான் டி குரூட். அலெகைன், யூவே போன்ற உலகச் சம்பியன்களிடமே ஒரு நிலையைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1946இல் வெளிவந்த அவருடைய ஆய்வு பலரும் எதிர்பாராததைச் சொன்னது. பெரிய ஆட்டக்காரர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களை விடப் பல மடங்கு நகர்வுகளை முன்கூட்டிக் கணக்குப் போடவில்லை. நல்ல நகர்வு அவர்கள் கண்ணில் முதலிலேயே பட்டது, அவ்வளவுதான்.

1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இன்னொரு சோதனை செய்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து வினாடி காட்டிவிட்டு மறைத்தபோது, மாஸ்டர், அதாவது உயர்தர ஆட்டக்காரர், ஏறக்குறைய பதினாறு காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். புதிதாகப் பழகுபவர் நான்கைந்து. பிறகு காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினார்கள். மாஸ்டரின் மேன்மை அப்படியே மறைந்துபோனது. பின்னால் வந்த ஆய்வுகளில் தாறுமாறான பலகையிலும் மாஸ்டருக்குச் சிறிய முன்னிலை இருப்பது தெரிந்தது, ஆனால் அது சிறியதுதான்.

‘பலாலி வீதி’ என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தால் நீங்கள் எழுத்துக் கூட்டி வாசிப்பதில்லை, ஒரே பார்வையில் பிடித்துவிடுவீர்கள். அதே எழுத்துகளைக் குலைத்து எழுதினால் எண்ணி எண்ணித்தான் நினைவில் வைக்க வேண்டும். காஸ்லிங் செய்து (ஒரே நகர்வில் கோட்டைக் காயோடு சேர்ந்து இடம் மாறி) ஓரமாக ஒதுங்கிய ராசா, முன்னால் மூன்று சிப்பாய், பக்கத்தில் குதிரை, இதெல்லாம் மாஸ்டருக்கு ஒரே துண்டு. இப்படிப் பல்லாயிரம் துண்டுகள் அவர் மனதில் இருக்கும் என்பது சைமனின் கணிப்பு. ஒவ்வொன்றோடும் ‘இங்கே இதை முயற்சி செய்’ என்ற குறிப்பும் ஒட்டியிருக்கும். பலகையைப் பார்க்காமல் ஆடுவதும் இந்த அறிவின் பக்கவிளைவுதான். அந்தப் பையனைப் பாராட்டுங்கள், ஆனால் தம்பியை அதற்காகப் பழக்க வேண்டாம்.

சரி, இந்தத் துண்டுகள் எப்படிச் சேரும்? நகர்வு ஏன் வைக்கப்பட்டது என்று யோசித்த ஆட்டங்களிலிருந்துதான். மூன்று நிமிட ஆட்டத்தில் அதற்கு நேரமே இல்லை, பழகிய பழக்கம்தான் திரும்பத் திரும்ப வரும். தனியாக உட்கார்ந்து ஆட்டங்களைப் படித்த மணி நேரம்தான் ஒருவரின் தரத்தோடு மிக நெருங்கிப் போகிறது என்று 2005இல் நீல் சார்னஸ் குழுவினர் காட்டினார்கள்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். போட்டியில் எழுதிய ஸ்கோர் தாளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பலகையை விரித்து, தோற்ற ஆட்டத்தை மெதுவாகத் திரும்ப வைக்கட்டும். பாடம் முடிந்த இடத்தில் நிறுத்தி, எதிராளியின் நகர்வு எதைத் தாக்குகிறது, எதை விட்டுக்கொடுக்கிறது என்று தன் கையால் இரண்டு வரி எழுதட்டும். நல்ல நகர்வைக் கணித்துச் சொல்லும் கணினி எஞ்சினை அதற்குப் பிறகுதான் திறக்கலாம். முதலிலேயே விடையைக் காட்டினால் யோசிக்கும் வேலை நடக்காது. உங்களுக்குச் செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து ‘ஏன்?’ என்று கேட்டாலே போதும். வாரத்துக்கு ஓர் ஆட்டம் இப்படிப் பார்த்தால் நல்லது. மிச்ச நேரத்தில் சிப்பாய், கோட்டை இறுதியாட்டங்களைப் பழகட்டும். காய்கள் குறைவு என்பதால் காரணங்கள் பளிச்சென்று தெரியும்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். நல்ல நகர்வு ஒன்று கிடைத்ததும் கையை நீட்டாமல், இதைவிட நல்லது உண்டா என்று தேட வேண்டும். சொல்வது சுலபம். 2008இல் மெரிம் பிலாலிச் குழுவினர் நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிலையைக் கொடுத்தார்கள். பழகிய முறையில் ஐந்து நகர்வில் மேட் (ராசா தப்ப வழியின்றி ஆட்டம் முடிவது), அவ்வளவு பழக்கமில்லாத வழியில் மூன்றே நகர்வில் மேட். பலர் பழகியதைக் கண்டதும் குறுகிய வழியைத் தவறவிட்டார்கள். வேறு வழி தேடுகிறோம் என்று அவர்கள் சொன்ன நேரத்திலும் கண்கள் பழைய கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தன. தம்பி பாடமாக்கிய வரிசையில் மாட்டிக்கொள்வதும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்தபோது, ஒருவர் ஏறக்குறைய 3,000 மணி நேரப் பயிற்சியில் மாஸ்டர் தரத்தை எட்டியிருந்தார், இன்னொருவருக்கு 23,000 மணிக்கும் மேல் பிடித்தது. ஆகவே அணியிலுள்ள மற்றப் பையனோடு ஒப்பிட வேண்டாம்.

கணிதம் பற்றிக் கேட்டீர்கள். இங்கிலாந்துப் பாடசாலைகளில் செஸ் கற்பித்துப் பார்த்து, ஒரு வருடத்துக்குப் பின் சோதித்தபோது கணிதப் புள்ளியில் வேறுபாடு தெரியவில்லை. 2016இல் அந்த அறிக்கை வந்தது. செஸ் பிடித்திருந்தால் ஆடட்டும், கணித ரியூசனுக்குப் பதிலாக அதை நம்ப வேண்டாம்.

போனை ஒரேயடியாகப் பறிக்கவும் வேண்டாம், கோபம்தான் மிஞ்சும். அதே செயலியில் ஒருவருக்கு 15 நிமிடமும், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 10 வினாடியும் கொண்ட ஆட்டங்கள் இருக்கும். பாடசாலை நாட்களில் அப்படி ஓர் ஆட்டம், மூன்று நிமிட ஆட்டங்கள் சனிக்கிழமை மட்டும் என்று தம்பியோடு பேசி ஒத்துக்கொள்ளுங்கள்.