கீழ்த்தளத்தில் கண்காட்சி: ஆணியைவிட மழைக்குப் பயப்படுங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் நண்பர்கள் ஐவர் ஓவியக் கண்காட்சி வைக்கப்போவதாகவும், சுவரில் ஆணி அடிக்க முடியாது, யார் படத்தை வைப்பது என்பதில் ஒரே சண்டை என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

ஆணி பெரிய விஷயமே இல்லை. தனியே நிற்கும் காட்சிப் பலகைகளைப் பக்கத்துச் சமூக மன்றத்தில் இரவல் கேட்டுப் பாருங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். எனக்குக் கவலை மழைதான். டிசம்பர் என்றால் சாரல் உள்ளே அடிக்கும், ஈரக்காற்றில் காகிதம் ஓரங்களில் சுருண்டுகொள்ளும். நீர்வண்ணப் படங்களைத் திறந்த பக்கத்தில் வைக்காமல் மின்தூக்கிப் பக்கம் வையுங்கள். அங்கேதான் மக்களும் சும்மா நிற்பார்கள்.

புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்தின் அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள். உரிமம் வேண்டுமா என்பதைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை உதவாது.

இடம் எளியது என்று கூச்சம் வேண்டாம். 1988இல் சிங்கப்பூர்க் கலைஞர் தாங் டா வூ 'ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' என்ற கலைஞர் குழுவைத் தொடங்கியது செம்பவாங்கில், லோரோங் காம்பாஸில் இருந்த ஒரு கோழிப்பண்ணையில்தான்!

சண்டைக்கு வருவோம். ஆளுக்கு மூன்று படம் என்று பங்கு பிரித்தால் அது கண்காட்சி அல்ல, பந்தி. ஒருவரிடம் தேர்வுப் பொறுப்பைக் கொடுங்கள். அவர் தம் படத்தை இம்முறை வைக்கக் கூடாது. ஒப்புக்கொள்ள ஆளில்லை என்றால், ஐவருக்கும் அறிமுகமான வெளியாள் ஒருவரைக் கேளுங்கள். விளக்க அட்டைகளைத் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள், நான்கு வரிக்கு மேல் போகாமல்.